மதகடியில் நிற்பவருக்கு ஒரு பள்ளிக்கூடம்

காவிரியின் வெள்ள உபரியை மாயனூர்க் கதவணையிலிருந்து தெற்கே திருப்பி, தெற்கு வெள்ளாற்றையும் வைகையையும் கடந்து குண்டாறு வரையில் கொண்டு சேர்ப்பதென்னும் நோக்கத்துடன் 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 21ஆம் நாள் விராலிமலையை அடுத்த குன்னத்தூரில் அடிக்கல் நாட்டப்பட்டபோது, வானத்தையே நம்பி ஏர் பூட்டி வந்த செட்டிநாட்டுப் பகுதியின் குடியானவர்கள் அடைந்த மகிழ்ச்சி இயல்பானதே. ஏறக்குறைய 262 கிலோமீட்டர் நீளமும் 14,400 கோடி ரூபாய் மதிப்பீடும் கொண்ட அந்தத் திட்டத்தில், மாயனூர் தொடங்கித் தெற்கு வெள்ளாறு வரையிலான 118 கிலோமீட்டர் முதற்கட்டம். வெள்ளாற்றிலிருந்து வைகை வரையிலான ஏறக்குறைய 109 கிலோமீட்டர் இரண்டாம் கட்டம். அந்த இரண்டாம் கட்டமே புதுக்கோட்டையைத் தாண்டிச் சிவகங்கைச் சீமைக்குள் நுழைவது. நிலம் எடுப்பதைப் பற்றியும், நிதி ஒதுக்கீட்டைப் பற்றியும், வேலை நடக்கும் வேகத்தைப் பற்றியும் சட்டமன்றத்திலும் பத்திரிகைகளிலும் வேண்டிய அளவு விவாதம் நடந்துவிட்டது. ஆனால், அந்தக் கால்வாயில் முதல் வெள்ளம் வந்து சேரும் நாளில் அதன் கதவுகளை இயக்கப் போகிறவர் யார், அவருக்கு அந்த வித்தையை யார், எங்கே, எப்போது கற்பிக்கப் போகிறார்கள் என்னும் கேள்வியை எவரும் சிரத்தையுடன் எழுப்பியதாகத் தெரியவில்லை.

இக்கேள்வியை எழுப்பும் உரிமை வேறு எவரையும்விடச் சிவகங்கை மாவட்டத்தாருக்கு அதிகம் உண்டு. மேற்கே ஓடிய பெரியாற்று நீர் பென்னிகுயிக் எழுப்பிய அணையால் தடுக்கப்பட்டு, மலையைக் குடைந்த வழியே கிழக்கே திரும்பி வைகைப் பள்ளத்தாக்கை அடைந்தது 1895இல். அதைத் தேக்கி முறைப்படுத்த வைகை அணை எழுந்தது 1959இல். பேரணையிற் பிரிகின்ற பெரியாறு பிரதானக் கால்வாய், மதுரையின் வடபுறத்தையும் மேலூர்ப் பகுதியையும் வளமாக்கிவிட்டு, தன் வாலின் நுனியாக நம் மாவட்டத்தில் சில கிளைகளை விடுகின்றது. சீல்டு கால்வாய், லெஸ்ஸிஸ் கால்வாய், 48ஆம் மடைக் கால்வாய், கட்டாணிப்பட்டிக் கால்வாய்கள் என்னும் பெயர்களை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் விவசாயிகள் குறைதீர்க் கூட்டங்களுக்குச் சென்றவர்கள் எத்தனையோ முறை கேட்டிருப்பார்கள்; ஏனெனில், மேலே தண்ணீர் திறந்துவிட்டார்கள், எங்கள் கண்மாய்க்கு வந்து சேரவில்லை என்னும் முறையீடு அங்கே ஏறக்குறைய ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. மழை பொய்த்தது, கால்வாய் தூர்ந்தது, சீமைக்கருவேலம் அடைத்தது, தலைமடைக்காரர்கள் கூடுதலாக எடுத்துக்கொண்டார்கள் என்று அதற்குச் சொல்லப்படும் காரணங்கள் யாவும் மெய்யே. எனினும் அவற்றோடு சேர்த்து எண்ணப்படாத காரணம் ஒன்றுண்டு. ஓடுகின்ற நீரை இயக்குவது ஒரு சாஸ்திரம். அந்தச் சாஸ்திரத்தை, அதைக் கையாளும் ஊழியருக்கு நாம் முறையாகக் கற்றுக்கொடுத்ததில்லை.

கதவை ஏற்றுவதும் இறக்குவதும் தவிர இதில் கற்பதற்கு என்ன இருக்கிறது என்று நினைப்பவர்கள், நீண்ட கால்வாய் ஒன்றில் காலம் என்ன செய்கிறது என்பதைச் சற்றே கணக்கிட்டுப் பார்க்கலாம். நொடிக்கு 3 அடி வேகத்தில் ஓடும் நீர் மணிக்கு ஏறக்குறைய 2 மைல் செல்லும். 118 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஒன்றரை நாள் வேண்டும். நீர்மட்டத்தில் நேரும் அசைவு நீரைவிடச் சற்று விரைவாகவே முன்செல்லும் என்றாலும், தலைமதகில் இன்று காலை செய்த மாற்றத்தின் முழுப்பயன் கடைமடையில் நாளைக்கோ மறுநாளோதான் தெரியவரும். இதை அறியாத ஊழியர், தமக்கு இடப்பட்ட ஆணைப்படி ஷட்டரைத் தூக்கிவிட்டு, மாலை வரையில் கீழே மட்டம் உயரக் காணாமையால் இன்னும் ஓரடி தூக்குகிறார். இரவில் மேலிருந்து தொலைபேசி வந்ததும் மீண்டும் தூக்குகிறார். மூன்று முறை தூக்கியதன் பலனும் ஒன்றாகச் சேர்ந்து மறுநாள் பிற்பகலில் வந்து கரையை மோதுகின்றது. பதறிப்போய் எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்குகிறார். மட்டம் சரசரவென்று வடிந்தவுடன், கரைக்குப் பின்னால் ஊறி நின்ற ஈரம் காங்கிரீட் பலகைகளை உட்புறமாகத் தள்ளி விரிசல் காணச் செய்கின்றது. விரிசலுக்கு ஒப்பந்தக்காரரையும், கடைமடைக்கு நீர் எட்டாமைக்கு விதியையும் நொந்துகொண்டு நாம் அமைதி அடைகிறோம். அந்த ஊழியர் சோம்பேறியுமல்லர், நாணயமற்றவருமல்லர். ஒரு மாற்றத்தைச் செய்தபின் எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்னும் ஓர் அட்டவணையை அவர் கையில் எவரும் கொடுக்கவில்லை.

இந்தச் சாஸ்திரம் நமக்கு அந்நியமானதென்று எவரும் எண்ண வேண்டாம். நம் கண்மாய் ஒவ்வொன்றிலும் இரண்டு வாயில்கள் உண்டு: உபரி வழியும் கலிங்கு ஒன்று, வயலுக்குப் பாயும் மடை மற்றொன்று. கலிங்கின்மேல் ஓரடி உயரத்தில் வழிந்துகொண்டிருக்கும் நீர் இன்னும் 4 அங்குலம் உயர்ந்தால், வழியும் அளவு பாதிக்குமேல் கூடிவிடும். ஆனால், மட்டத்திற்கு 4 அடி ஆழத்தில் திறந்திருக்கும் மடைத்துளையில் அதே 4 அங்குல உயர்வு நூற்றுக்கு 4 பங்கு நீரைத்தான் கூட்டும். எனவே கலிங்கை நீளமாகவும் மடைத்துளையை ஆழத்திலும் அமைத்துவிட்டால், வெள்ளம் எவ்வளவு வந்தாலும் கண்மாயின் மட்டம் அதிகம் அசையாது. மட்டம் சிறிது அசைந்தாலும் வயலுக்குப் போகும் நீர் ஏறக்குறைய ஒரே சீராக ஓடும். மின்சாரமும் கம்பியும் இன்றித் தானாகவே நடைபெறும் கட்டுப்பாடு இது. கால்வாய்க்குக் குறுக்கே நீண்ட வழிந்தோடியையும், கிளைவாய்க்காலின் தலையில் ஆழ்துளைக் கதவையும் அமைக்க வேண்டும் என்று இன்றைய பாசனப் பொறியியல் நூல்கள் வற்புறுத்திச் சொல்வதும் இதையேதான். கலிங்கின் மீது வரிசையாக நட்டிருக்கும் கற்களுக்கிடையே மண்ணும் புல்லும் வைத்து அடைத்து, மழைக்காலத்தின் இறுதியில் மட்டத்தைச் சிறிது உயர்த்திக்கொண்ட நம் முன்னோர், அதில் ஒரு நுட்பமான மாறுதலையும் செய்துவைத்திருந்தார்கள்.

ஆனால் இம்முறையில் ஒரு குறையும் உண்டு. கடைமடைக்காரர் கருத்தூன்றிப் பார்க்க வேண்டிய குறை அது. தலையிலிருந்து தள்ளிவிடப்படும் நீரை ஒவ்வொரு கிளையும் தனக்குரிய பங்கை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கீழே அனுப்புகிறதென்றால், தலையில் செய்த தவறும் இடையில் செய்த தவறும் ஒன்று விடாமல் வாலில் வந்து குவிகின்றன. தலைமதகில் நூற்றுக்கு 5 பங்கு குறைவாகத் திறந்தால் மேலுள்ள எவருக்கும் அது தெரியாது. கடைசிக் கால்வாயின் பங்கு மொத்தத்தில் அந்த 5 பங்கேயாயின், அந்தக் கால்வாய் முழுதும் வறண்டு கிடக்கும். கடைமடையின் துயரத்திற்குப் பேராசை ஒரு காரணமென்றால், இந்த எளிய கணக்கு மற்றொரு காரணம். இடையிடையே அளந்து, பிழையை அது கீழே செல்லுமுன்னரே திருத்துவது ஒன்றே இதற்குப் பரிகாரம். மட்டத்தை அளக்கும் கருவியும், செய்தி அனுப்பும் வானொலியும், கதவை அசைக்கும் மோட்டாரும், இவற்றை ஓரிடத்திலிருந்து காணச் செய்யும் ‘ஸ்காடா’ முறையும் கால்வாய்க்குத் தேவைப்படுவது இக்காரணத்தினாலேயே அன்றி, காட்சிக்காக அன்று.

பழைய நாளில் இந்த அளந்து திருத்தும் காரியத்தைச் செய்தவர் ஊர் நீர்பாய்ச்சி. எந்த மடையை எந்த நாழிகையில் எத்தனை விரற்கடை திறந்தால் எந்த வயலின் வரப்பு நிறையும் என்பதை அவர் ஏட்டைப் பார்த்துச் சொல்லவில்லை. தந்தையின் பின்னே கரைமேல் நடந்து கற்றுக்கொண்டார். குமிழி மடையின் அடைப்பை எடுக்கக் கண்மாயின் ஆழத்திற்கு மூழ்கிச் சென்றவர்களும் உண்டு. அறுவடைக் களத்தில் அவருக்குரிய கதிரும் நெல்லும் அளக்கப்பட்டன. பல ஊர்களில் அவர் ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்தவராகவே இருந்தார் என்பதையும், நீரைப் பங்கிடும் ஞானம் அவரிடத்தும் அதைப் பற்றிப் பேசும் அதிகாரம் வேறொருவரிடத்தும் இருந்தன என்பதையும் மறைத்துவிட்டு அந்தக் காலத்தைப் பொற்காலமென்று புகழ்வது நியாயமாகாது. எனினும் அங்கே பயிற்சி என்ற ஒன்று இருந்தது. பிழைத்தால் மறுநாளே கேட்கும் ஊரும் இருந்தது.

அவருடைய இடத்திற்கு அரசாங்கம் கொண்டுவந்து நிறுத்தியவர் லஸ்கர். பொதுப்பணித் துறையின் நாளிலிருந்து அப்பெயராலேயே அழைக்கப்பட்டு, 2021இல் நீர்வளத் துறை தனியாகப் பிரிந்த பின்னும் அப்பெயராலேயே அழைக்கப்பட்டு வரும் அவர், உத்தியோகப் படிநிலையில் கடைசிப் படியில் நிற்கிறார். கால்வாயின் விதியை நிர்ணயிப்பதிலோ முதற்படியில் நிற்கிறார். பல கோடி ரூபாய் பெறும் நெல்லின் தாகம் அவர் கையிலுள்ள கைப்பிடிச் சுழற்சியில் அடங்கியிருக்க, அவருக்குரிய பயிற்சியோ ஓய்வு பெறும் லஸ்கர் ஒருவர் இரண்டு நாள் கூடவே அழைத்துச் சென்று காட்டுவதோடு முடிந்துவிடுகின்றது. காலியான இடங்கள் நெடுங்காலம் நிரப்பப்படாமல், ஒருவரே பல மைல் கரையையும் பல மதகுகளையும் கவனிக்க நேரும்போது, அந்த இரண்டு நாள் பயிற்சியும் இல்லாமற் போகின்றது.

யந்திரம் வந்துவிட்டால் இவர் தேவையில்லை என்பது இக்காலத்தில் பரவிவரும் ஓர் அபிப்பிராயம். யந்திரம் வந்த இடங்களின் வரலாறு அதற்கு மாறாகவே பேசுகின்றது. விசுவேசுவரய்யா தாமே வகுத்த தானியங்கிக் கதவுகளைப் புனாவை அடுத்த கடக்வாஸ்லா ஏரியில் 1903இல் பொருத்தினார். பின்னர் பிரான்ஸ் தேசத்துப் பொறியாளர்கள், மிதவையின் ஏற்ற இறக்கத்தாலேயே இயங்கும் கதவுகளைச் செய்து வடஆப்பிரிக்கா வரையில் கொண்டுசென்றார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், ஒவ்வொரு கதவும் தன் வழியே செல்லும் நீரைத் தானே அளந்து தனக்கு மேலுள்ள கதவுக்குச் செய்தி சொல்லும்படியாகவும், கீழ்மடையின் தேவை மேலேறிச் சென்று தலைமதகைத் திறக்கும்படியாகவும் ஒரு முறையை ஏற்படுத்தினார்கள். அம்முறையைத் தழுவியே கர்நாடகத்தில் கிருஷ்ணை நதியின் நாராயணபுரம் இடதுகரைக் கால்வாயிலும் கதவுகள் கணிப்பொறியின் ஆணைக்கு இயங்குமாறு அமைத்திருக்கிறார்கள். இவற்றுள் எந்த இடத்திலும் மனிதன் மறைந்துவிடவில்லை. கைப்பிடியைச் சுழற்றிய நேரம் மிச்சப்பட்டு, அந்த நேரத்தில் அவன் யந்திரத்தின் சொல்லைச் சோதிப்பவனாக மாறியிருக்கிறான். முன்னதைவிடப் பின்னது கடினமான வேலை.

ஏன் கடினமெனின், மதகடியில் யந்திரம் ஏமாறும் வழிகள் பல. மட்டத்தை ஒலியலையால் அளக்கும் கருவியின் முகத்தில் சிலந்தி ஒன்று வலை பின்னினாற் போதும், அது தன் முன்னுள்ள வலையையே நீரென்று எண்ணிக் கால்வாய் நிரம்பி வழிவதாக எழுதத் தொடங்கும். அளவுக் கிணற்றில் சேறு படிந்தால், கால்வாய் வற்றினாலும் உள்ளே மட்டம் இறங்காது. கதவின் அடியில் கருவேலங்கிளை ஒன்று சிக்கினால், மோட்டார் தன் சுற்றுக்கணக்கின்படி கதவு மூடியதென்று சொல்லும், நீர் ஓடிக்கொண்டேயிருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாலைந்து நாள் வானம் மூடிக்கிடந்தால் சூரியத் தகட்டின் மின்கலம் சோர்ந்துபோகும். கதவுகள் அதிகம் வேலை செய்ய வேண்டியதும் அந்த நாட்களில்தான். கரையில் பெயிண்டால் எழுதிய அளவுகோலை ஒவ்வொரு நாள் காலையிலும் தன் கண்ணால் பார்த்து, கணிப்பொறித் திரையின் எண்ணோடு ஒப்பிட்டு, இரண்டும் மாறுபட்டால் எதை நம்புவதென்று தீர்மானிக்கத் தெரிந்த ஒருவர் இல்லையென்றால், விலையுயர்ந்த கருவி விரைவாகத் தவறு செய்யும் சாதனமாகவே முடியும்.

நம் பகுதிக்கு வரவிருக்கும் கால்வாயில் இந்தக் கவலை இருமடங்காகும். அது ஆண்டு முழுதும் ஓடும் கால்வாயன்று. காவிரியில் வெள்ளம் பெருகி, மேட்டூருக்குக் கீழே உபரி தோன்றும் சில வாரங்களில் மட்டும் ஓடுவது. வெள்ளமே வாராத ஆண்டுகளும் இருக்கும். பத்து மாதம் சும்மா கிடந்து, பதினோராவது மாதத்தில் ஓர் இரவில் நொடிக்குப் பல்லாயிரம் கன அடி ஜலம் வந்து நிற்கும்போது, கதவு துருப்பிடித்திருக்கும், மின்கலம் செத்திருக்கும், இயக்குபவருக்கோ கை மறந்திருக்கும். அன்றாடம் ஓடும் கால்வாயில் ஊழியர் வேலை செய்தே வேலையைக் கற்றுக்கொள்கிறார். என்றோ ஓடும் கால்வாயில் அந்த வழி அடைபட்டுப் போகின்றது. ஆகவே இங்கே பயிற்சிக்கென்று தனியான ஓடுநீர் வேண்டும்.

கலிபோர்னியாவின் சான் லூயிஸ் ஒபிஸ்போ நகரத்துப் பல்கலைக்கழகத்தில், 1989ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற பாசனப் பயிற்சி ஆராய்ச்சி மையம் ஒன்று இருக்கிறது. அங்கே பயிலவருபவர் கல்லூரி மாணவர் மட்டுமல்லர். கால்வாய்க் கழகங்களில் கதவு இயக்கும் ஊழியரும் குறுகிய கால வகுப்புகளுக்கு வருகின்றனர். பாடத்திற்கென்றே அமைத்த சிறு கால்வாய் ஒன்றில், வெவ்வேறு வகைக் கதவுகளையும் வழிந்தோடிகளையும் தங்கள் கையாலேயே இயக்கி, தவறு செய்து, தவறின் விளைவைச் சில நிமிடங்களிற் கண்டு திருத்திக்கொள்கின்றனர். பெரிய கால்வாயில் ஒன்றரை நாளில் தெரியும் பிழை அங்கே வகுப்பு முடிவதற்குள் தெரிந்துவிடுகின்றது. அதன் சிறப்பே இதுதான்.

நம் மாநிலத்திலும் இதற்கு வித்து இல்லாமலில்லை. திருச்சிராப்பள்ளியை அடுத்த துவாக்குடியில் நீர்ப்பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம் 1984இல் ஏற்பட்டது. பொறியாளர்களும் வேளாண்மை அதிகாரிகளும் விவசாயிகளும் நாற்பது ஆண்டுகளாக அங்கே பயின்று வருகிறார்கள். 2000ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளை விவசாயிகள் நிர்வகிக்கும் சட்டத்தின்கீழ் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்கள் அமைந்தன. அவற்றின் தலைவர்களுக்கும் பயிற்சி தரப்பட்டது. உலக வங்கிக் கடனுதவியுடன் 2007இல் தொடங்கிய நீர்வள நிலவளத் திட்டம், நம் பகுதியின் மணிமுத்தாறு, பாம்பாறு உபவடிநிலங்களைத் தொடக்கத்திலேயே எடுத்துக்கொண்டு மதகுகளையும் கலிங்குகளையும் புதுப்பித்தது. இவை யாவும் நல்ல காரியங்களே. கதவைப் புதுப்பித்த திட்டம் கதவை இயக்குபவரையும் அதே அளவு கவனித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமே இருந்திராது.

என்னுடைய யோசனை இதுதான்: துவாக்குடி நிலையத்தின் ஒரு கிளையாக, கால்வாய் இயக்குநர் பயிற்சிப் பள்ளி ஒன்றைக் காரைக்குடியில் ஏற்படுத்த வேண்டும். சொந்த ஊரின்மேல் உள்ள பற்றினால் மட்டும் இதைச் சொல்லவில்லை. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து வரவழைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இங்கே இருக்கிறது. 1948இல் நேரு அடிக்கல் நாட்டி 1953இல் திறக்கப்பெற்ற அந்தச் ‘சிக்ரி’யின் முக்கியமான ஆராய்ச்சிகளில் இரண்டு, இரும்பைத் துரு அரிப்பதைத் தடுப்பதும் மின்கலங்களும் ஆகும். பத்து மாதம் சும்மா கிடக்கும் கதவுக்கும், மழைக்காலத்தில் சோர்ந்துபோகும் கருவிக்கும் வேண்டிய மருந்து இரண்டும் ஒரே வளாகத்தில் இருக்கும் ஊர் தமிழ்நாட்டில் வேறெங்கே உண்டு? அதற்கருகே 1952இல் தோன்றிய அழகப்பச் செட்டியார் பொறியியற் கல்லூரியும், பாலிடெக்னிக்கும் இருக்கின்றன. கட்டடப் பொறியியலும் மின்னணுவியலும் கற்பிக்கும் ஆசிரியர்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நகரத்தார் சமூகம் பர்மாவிலும் மலேயாவிலும் ஈட்டிய பொருளைக் கொண்டு ஊர்தோறும் ஊருணி வெட்டிய பகுதி இது. தண்ணீருக்கு அளவு வைத்துப் பழகிய மண்ணில் தண்ணீர்ப் பள்ளிக்கூடம் ஒன்று அமைவது பொருத்தமும் ஆகும். ஊருக்கு வெளியே கண்மாய் ஒன்றின் கலிங்கு நீரையோ, ஒரே நீரை மீண்டும் மீண்டும் சுழலவிடும் பம்பையோ வைத்து, அரைக் கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு பயிற்சிக் கால்வாய் வெட்டுவது அசாத்தியமான காரியமன்று.

அப்பள்ளியில் முதலில் கற்பிக்க வேண்டியது அளத்தல். ஒரு கன அடி என்பது நொடிக்கு ஏறக்குறைய 28 லிட்டர் என்பதும், அது ஒரு பகலும் இரவும் ஓடினால் 2 ஏக்கரில் ஓரடி உயரத்திற்கு நிற்கும் என்பதும் லஸ்கருக்கு வாய்ப்பாடுபோல் வர வேண்டும். நீரோட்டமானியைக் கால்வாயில் இறக்கி வேகம் கண்டு, தம்முடைய கதவின் திறப்புக்கும் நீரளவுக்கும் உரிய அட்டவணையைத் தாமே தயாரிக்கவும் அவர் கற்க வேண்டும். நிறுவனம் கொடுத்த அட்டவணையை நம்புவது வேறு, தாம் அளந்து எழுதிய அட்டவணையை நம்புவது வேறு. அதன்பின் நிரப்புதலும் வடித்தலும். எவ்வளவு மெதுவாக என்பதே அங்கே பாடம். பின்னர் கருவிகள்: துடைத்தல், ஒப்பிடுதல், மின்கலம் மாற்றுதல், கருவி பொய்த்தால் கையால் இயக்குதல், மின்சாரமும் தொலைபேசியும் இரண்டும் போன மழையிரவில் எந்தக் கதவை முதலில் திறப்பது, எவருக்கு எவ்வழியாகச் செய்தி சொல்வது. இத்தனையும் தமிழில் இருத்தல் வேண்டும். கணிப்பொறித் திரையில் தோன்றும் எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்து, அதைப் பார்த்து நிற்பவருக்கு அது விளங்காமற் போனால், உடைந்த கரைக்கு யார் பொறுப்பாளி? பயிற்சி முடிந்தவருக்குச் சான்றிதழோடு ‘கால்வாய் இயக்குநர்’ என்ற பதவிப் பெயரும், அதற்கேற்ற ஊதியப் படியும், இரண்டாண்டுக்கொரு முறை மீண்டும் வந்து பயிலும் கடமையும் இருக்க வேண்டும். உதவிப் பொறியாளர்களும் முதல் இரண்டு வாரம் அவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்து, ஒரே கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். பின்னதைச் சிலர் கௌரவக் குறைவாக எண்ணக்கூடும்; எண்ணட்டும்.

கருவிகளைப் பொருத்தும் நிறுவனமே சில ஆண்டுகள் இயக்கிப் பராமரிக்கும்படி ஒப்பந்தம் செய்துவிட்டால் இந்தத் தொல்லை எதற்கு என்று கேட்பவர்களுண்டு. அவ்வொப்பந்தம் ஒரு நாள் முடிவடையும். அன்று நிறுவனத்து ஆட்களோடு அவர்களுடைய அறிவும், கணிப்பொறியின் கடவுச்சொல்லும், உதிரிப் பாகங்களின் முகவரியும் ஊரைவிட்டுப் போய்விடும். பிறகு மோட்டாரைக் கழற்றி வைத்துவிட்டுப் பழைய கைப்பிடியையே தேட வேண்டிவரும். ஒப்பந்தம் வேண்டாமென்று நான் சொல்லவில்லை. ஒப்பந்தக் காலம் முழுவதும் நம் ஊழியர் அவர்களுக்குப் பக்கத்தில் நின்று பழகவேண்டும் என்பதை ஒப்பந்தத்தின் ஷரத்தாகவே எழுத வேண்டும் என்கிறேன்.

இனி, வெளியே உரக்கப் பேசப்படாத மற்றோர் ஆட்சேபமும் உண்டு. நள்ளிரவில் ஒரு பிரமுகர் சொல்லி மதகைத் திறப்பதும், மறுநாள் வேறொருவர் சொல்லி மூடுவதும் நடக்கும் இடத்தில் பயிற்சி என்ன செய்யும் என்று அநுபவசாலிகள் சிரிக்கக்கூடும். சிரிப்பிற்குக் காரணம் உண்டு. ஆயினும் ஒவ்வொரு அசைவையும் நேரத்தோடு பதியும் கருவியும், அந்தப் பதிவைப் படிக்கத் தெரிந்த ஊழியரும், அதே பதிவைத் தம் கைபேசியில் காணும் கடைமடைச் சங்கமும் இருக்குமானால், நாணயமான லஸ்கருக்கு முதன்முறையாக ஒரு சாட்சி கிடைக்கின்றது. இதுவரையில் அவர் சொல்லுக்கும் பிரமுகர் சொல்லுக்கும் நடுவே எண் ஒன்றும் நின்றதில்லை. இக்காரணத்தினாலேயே, நீரைப் பயன்படுத்துவோர் சங்கத்து நிர்வாகிகளுக்கும், குறிப்பாகக் கடைமடை ஊர்களின் சங்கத்தார்க்கும், அந்தப் பதிவைப் படிக்கும் பயிற்சியை அதே பள்ளியில் அளிக்க வேண்டும் என்று கருதுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் வாதாட வேண்டியதில்லை. இணைப்புத் திட்டத்தின் முதற்கட்டத்திற்கு மட்டும் அறிவிக்கப்பட்ட மதிப்பீடு 6,941 கோடி ரூபாய். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஏறக்குறைய 7 கோடி. பயிற்சிக் கால்வாயும், சில வகைக் கதவுகளும், தங்கும் விடுதியும், தமிழிற் கையேடுகளும் தொடங்குவதற்கு அந்தத் தொகை போதாதென்று எவரும் சொல்லமாட்டார்கள். முதற்குழுவில் இப்போது பணியிலுள்ள லஸ்கர்கள் ஒரு பாதியும், பாலிடெக்னிக் முடித்த இளைஞரும் இளம் பெண்களும் மறுபாதியுமாக இருக்கட்டும். கண்மாய்க்கரையில் எஞ்சியுள்ள நீர்பாய்ச்சிகளை மாணவராக அன்றி ஆசிரியராகவே அழைக்க வேண்டும். வகுப்பைத் தொடங்குவதற்குப் புதுக்கால்வாய் வெள்ளாற்றை எட்டும் வரையில் காத்திருக்க அவசியமில்லை. பெரியாற்று நீர் நம் பக்கம் திறக்கப்படும் அடுத்த முறையிலேயே, கட்டாணிப்பட்டியிலும் 48ஆம் மடையிலும் அளவுகோல்களைப் புதிதாக எழுதி, மேலே திறந்த நேரத்தையும் கீழே மட்டம் உயர்ந்த நேரத்தையும் நாள்தோறும் இரு முனையிலும் ஒருவர் குறித்துவந்தால், எத்தனை மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைச் சொல்லும் முதல் அட்டவணை அந்தப் பருவம் முடிவதற்குள் நம் கையில் இருக்கும்.